தண்ணீரை விட்டு வெளியே வரும் மீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரால் வாளியில் மணிக்கணக்காக உயிரோடு கிடக்கிறது. பனையேறி கெண்டை மழை நாளில் வயல் வரப்பில் ஊர்ந்து போகிறது. பிச்சாவரத்துச் சேற்றில் தவளை போலத் துள்ளுவதைக் கூர்ந்து பார்த்தால் அதுவும் மீன்தான். இந்த மீன்களைப் பற்றி ஊர்ப்புறத்தில், மீன் சந்தையில், பள்ளிப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

காற்றில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கிறதே, பிறகு ஏன் மீனைக் கரையில் போட்டால் மூச்சுத் திணறிச் சாகிறது?

கோளாறு ஆக்சிஜனில் இல்லை, செவுளின் அமைப்பில் இருக்கிறது. செவுள் என்பது மெல்லிய தகடுகளின் அடுக்கு. தண்ணீருக்குள் இருக்கும்போது அந்தத் தகடுகள் விரிந்து மிதக்கும், ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் தண்ணீர் ஓடும். வெளியே எடுத்ததும் அவை நனைந்த புத்தகத்தின் தாள்கள் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு வாங்கும் பரப்பு சட்டென்று குறைந்துவிடும். அப்புறம் தகடுகள் காயத் தொடங்கும். காய்ந்த சவ்வின் வழியே ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகாது. சுற்றிலும் காற்று இருந்தும் மீன் திணறுவது இதனால்தான்.

அப்படியானால் விராலும் பனையேறியும் மட்டும் எப்படிப் பிழைக்கின்றன?

அவற்றுக்குச் செவுளோடு கூட இன்னொரு மூச்சுறுப்பும் இருக்கிறது. அது ஏன் தேவைப்பட்டது என்று முதலில் பார்த்துவிட்டால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் எளிதாகிவிடும்.

ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 முதல் 6 மில்லிலிட்டர்தான் கரைந்திருக்கும். தண்ணீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். பனி உருகி வரும் குளிர்ந்த ஆற்று நீரில் கரைந்திருப்பதில் பாதியளவுதான் நம் கோடைக்காலக் குளத்தில் கரையும். இதோடு மட்கும் இலை தழை, பாசி, மாட்டுச் சாணம் எல்லாம் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சும். விடியற்காலையில் தேங்கிய குட்டையில் ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்தே போயிருக்கும். அந்த நேரத்தில் குளக்கரைக்குப் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட தண்ணீரில் தலைமுறை தலைமுறையாகப் பிழைக்க வேண்டியிருந்த மீன்களில், மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அதிலிருந்து ஆக்சிஜனை எடுக்க முடிந்தவை மிஞ்சின. ஆக, இந்த மீன்கள் கரைக்கு வருவதற்காகக் காற்றைச் சுவாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள்ளேயே இருப்பதற்காகத்தான் கற்றுக்கொண்டன. கரையில் ஊர்வது அதற்குப் பிறகு கிடைத்த வசதி. காற்றைச் சுவாசிக்கும் மீன்களில் பல நூறு இனங்கள் வெப்பநாட்டு நன்னீரில் இருப்பதற்கும் இதுவே காரணம்.

அந்த இன்னொரு மூச்சுறுப்பு எங்கே இருக்கிறது?

இனத்துக்கு இனம் வேறுபடும். பனையேறி கெண்டையின் தலையில், செவுளுக்கு மேலே ஒரு அறை உண்டு. அதற்குள் எலும்புத் தகடுகள் சுருண்டு மடிந்து, மேலே இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கும். விராலுக்கும் குரவைக்கும் செவுளுக்கு மேலே இதே போன்ற அறை இருக்கிறது, ஆனால் மடிப்புகள் குறைவு. நாட்டுக் கெளுத்தி வகையில் அது கிளைவிட்ட குட்டி மரம் மாதிரி வளர்ந்திருக்கும். தேளியின் ஏற்பாடு எல்லாவற்றிலும் விந்தையானது: செவுள் அறையிலிருந்து இரண்டு நீண்ட காற்றுப்பைகள் கிளம்பி, முதுகெலும்பின் இரு பக்கமும் வால் பக்கமாக நீண்டு போகின்றன. தென் அமெரிக்காவின் மின்விலாங்குக்கு வாயின் உட்தோலே மூச்சுறுப்பு. விலாங்கு மீன் ஈரத் தோல் வழியாகவே நிறைய ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், இரவில் ஈரப் புல்லில் நெளிந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். காற்றிலிருந்து இவை ஆக்சிஜனை மட்டுமே எடுக்கின்றன. கரியமில வாயுவையும் அம்மோனியாக் கழிவையும் பெரும்பாலும் செவுள், தோல் வழியாகத் தண்ணீரில்தான் விடுகின்றன. அதனால் கரையில் எவ்வளவு நேரம் இருந்தாலும் உடம்பில் ஈரம் இருந்தாக வேண்டும்.

சந்தையில் விரால் கொஞ்சம் தண்ணீரிலேயே நாள் முழுக்க உயிரோடு இருப்பது இதனால்தானா?

ஆமாம். அலுமினியப் பாத்திரத்தில் உடம்பு நனையும் அளவுக்குத் தண்ணீர் இருந்தாலே போதும். தலையைத் தூக்கிக் காற்றை விழுங்கிக்கொள்ளும். அதே பாத்திரத்தில் ரோகுவையோ கட்லாவையோ விட்டால் சீக்கிரமே செத்துவிடும், அவற்றுக்குச் செவுளை விட்டால் வேறு வழியில்லை. விரால் உயிரோடு விற்கப்படுவதும், அதற்கு நல்ல விலை கிடைப்பதும் இந்த உறுப்பால்தான்.

இதை ஒட்டி வருத்தத்தோடு ஒன்று சொல்லியாக வேண்டும். எளிதில் சாகாத மீன் என்பதால் உயிரோடு சாம்பல் போட்டுத் தேய்த்து, அப்படியே அறுப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். மற்ற மீன்கள் கடைக்கு வருமுன்பே செத்துவிடுகின்றன. விரால் கடைசிவரை உணர்வோடு இருக்கிறது. முதலில் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுத்து உணர்விழக்கச் செய்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம். அதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா?

சாகும். வளர்ந்த விராலும் பனையேறியும் செவுளை மட்டும் நம்பி வாழ முடியாதவை. மேலே வரவிடாமல் தடுத்துவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டி இறந்துபோகும். முழுக்க மூழ்கிய வலையில் சிக்கிய விரால் காலையில் செத்துக் கிடப்பது இதனால்தான். குளத்தை ஆகாயத்தாமரை இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டால் மேலே வந்து காற்று வாங்குவதும் சிரமமாகிவிடும்.

குஞ்சுகள் மட்டும் வேறு. பொரித்த புதிதில் அவற்றுக்கு இந்த உறுப்பு இருக்காது. செவுளும் தோலும் போதும். சில வாரங்களில் உறுப்பு வளர்ந்ததும் மேலே வரத் தொடங்கும். விரால் குஞ்சுகள் செக்கச்செவேலென்று பந்தாகத் திரண்டு மேலே வந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். கீழேயே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்தின் அருகே தூண்டிலைப் போட்டுக் காவல் மீனைப் பிடிப்பது எளிது, ஆனால் அந்த ஒரு மீனோடு முழுக் குஞ்சுக் கூட்டமும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். விட்டுவிடுவதே நல்லது.

பனையேறி கெண்டை உண்மையிலேயே பனை மரம் ஏறுமா?

இந்தக் கேள்விக்கு இருநூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது, அதுவும் நம் தரங்கம்பாடியில். டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியில் லெப்டினன்டாக இருந்த டால்டோர்ஃப் என்பவர், 1791-இல் ஒரு நீர்நிலைக்குப் பக்கத்தில் நின்ற பனை மரத்தின் ஈரமான வெடிப்பில், ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். செவுள் மூடியை மரப்பட்டையில் மாட்டிக்கொண்டு, வாலை வளைத்து, அடித் துடுப்பின் முள்ளை ஊன்றி அது இன்னும் மேலே போக முயன்றதாக அவர் விவரித்தார். 1797-இல் லண்டனில் இயங்கிய லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாகி, ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது.

அவர் சொன்ன உடல் அசைவுகள் சரியானவை. இந்த மீன் தரையில் நகர்வதும் அப்படித்தான். ஆனால் பனை ஏறுவது அதன் வழக்கம் என்று சொல்ல முடியாது. மரக்கிளையில் கிடந்த மீன்களைப் பருந்தோ காகமோ தூக்கிப் போய் விட்டிருக்கலாம் என்பது பின்னால் வந்தவர்கள் தந்த விளக்கம். மரத்தின் மேல் மீன் உயிரோடு கிடந்ததென்றால், அங்கேயும் அது காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தது என்று பொருள். கொட்டும் மழையில் அடிமரத்தில் தண்ணீர் வழியும்போது சாய்ந்த மரத்தில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்ப்பதும் நடக்கக்கூடியதே.

தரையில் எப்படி நகர்கிறது?

செவுள் மூடியின் விளிம்பில் ரம்பப் பற்கள் போல முட்கள் வரிசையாக இருக்கின்றன. உடம்பைச் சற்றுச் சாய்த்து, மூடியை விரித்து, முட்களைத் தரையில் ஊன்றும். அப்புறம் வாலால் உந்தும். மறுபடி ஊன்றும், மறுபடி உந்தும். பார்க்க அலங்கோலமாகத்தான் இருக்கும், ஆனால் மழை ஈரத்தில் ஒரு குட்டையிலிருந்து இன்னொரு குட்டைக்குப் போய்ச் சேர இது போதும். வெளியே பல மணி நேரம் தாங்கும். ஈரம் கிடைத்தால் நாட்கணக்கிலும் தாங்கும்.

இதே முட்களால் இன்னொரு விளைவும் உண்டு. பறவையோ பாம்போ விழுங்கினால் செவுள் மூடியை விரித்துத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். பாப்புவா நியூ கினியிலிருந்து ஆஸ்திரேலியாவின் வட கோடித் தீவுகளான சைபாய்க்கும் பொய்குவுக்கும் இந்த மீன் வந்து சேர்ந்தபோது அங்குள்ள ஆய்வாளர்கள் கவலைப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். நம் கொக்கும் நீர்க்காகமும் இந்த மீனோடு சேர்ந்தே வளர்ந்தவை. அங்குள்ள உயிரினங்களுக்கு இது புதியது.

கோடையில் கண்மாய் கட்டாந்தரையாகக் கிடக்கிறது. மழை பெய்து நிறைந்ததும் மீன் எங்கிருந்து வருகிறது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. மண்ணுக்குள் மீன் முட்டை காத்திருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். நம் ஊர் மீன்களைப் பொறுத்தவரை அது சரியல்ல. கெண்டையின் முட்டையோ விராலின் முட்டையோ காய்ந்தால் அவ்வளவுதான்.

உண்மையில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, புதுவெள்ளம். வாய்க்காலும் மறுகாலும் ஓடத் தொடங்கியதும் ஆற்றிலும் கீழ்க் கண்மாய்களிலும் இருந்த மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும், மேல் கண்மாயிலிருந்து தண்ணீரோடு இறங்கியும் வரும். கெண்டை, கெளுத்தி, உளுவை எல்லாம் இந்த வழிதான். தமிழ்நாட்டு ஏரிகளும் கண்மாய்களும் சங்கிலியாக ஒன்றுக்கு ஒன்று இணைக்கப்பட்டவை என்பதால் எங்காவது ஒரு ஆழமான குழியில் கொஞ்சம் மீன் மிஞ்சியிருந்தாலே மற்றவை நிறைந்துவிடும். நடுவில் வாய்க்காலை மண் போட்டு மூடி வீடு கட்டினால், தண்ணீர் போகும் பாதையோடு மீன் வரும் பாதையும் அடைபட்டுவிடும். கண்மாயில் நாட்டு மீன் குறைந்துவிட்டது என்று சொல்லும் ஊர்களில் முதலில் பார்க்க வேண்டியது வரத்துக் கால்வாயைத்தான்.

இரண்டாவது வழி, சேறு. தண்ணீர் வற்ற வற்ற விராலும் குரவையும் தேளியும் சேற்றுக்குள் இறங்கும். மேலே மண் வெடித்துக் கிடந்தாலும் அடியில் ஈரம் இருக்கும். அங்கே அசையாமல், உடம்பின் செலவைக் குறைத்துக்கொண்டு, காற்றை மட்டும் நம்பிக் கிடக்கும். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள், திருகோணமலையை அடுத்த கொட்டியாரத்தில் வற்றிய குளத்தின் களிமண்ணை மக்கள் மண்வெட்டியால் வெட்டி உயிருள்ள மீன்களை எடுத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் முழங்கால் அளவு சேற்றில் ஊத்தா என்ற மீன்பிடிக் கூடையைக் கவிழ்த்து விராலைப் பிடிப்பவர்களுக்கும் இது புதிய செய்தி இல்லை.

முட்டை மண்ணில் காத்திருக்கும் மீன்களும் உலகத்தில் இருக்கவே செய்கின்றன. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மழைக் குட்டைகளில் வாழும் சிறு கில்லி மீன்கள் அவை. குட்டை காய்ந்ததும் வளர்ந்த மீன்கள் எல்லாம் செத்துவிடும். மண்ணுக்குள் முட்டைகளின் வளர்ச்சி நின்று, அடுத்த மழை வரை காத்திருக்கும். அவற்றில் ஒரு இனம் மொசாம்பிக்கில் பொரித்த 14 நாளிலேயே முட்டையிடும் பருவத்தை எட்டியதை 2018-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இப்படிச் சேற்றில் கிடப்பதில் எந்த மீன் கெட்டிக்கார மீன்?

ஆப்பிரிக்காவின் நுரையீரல் மீன். இதற்கு உண்மையான நுரையீரலே உண்டு. தண்ணீர் வற்றும்போது சேற்றைக் குடைந்து உள்ளே போய், சுருண்டு படுத்து, உடம்பிலிருந்து சளி போன்ற பொருளைச் சுரந்து தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்ளும். வாய்க்கு நேராக மட்டும் மூச்சு விட ஒரு துளை. வழக்கமாகச் சில மாதங்களில் மழை வந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் நான்கு ஆண்டுகள் வரை அப்படியே கிடந்து பிழைத்திருக்கிறது. அதுவரை தன் தசையையே கரைத்து உயிர் வாழும். உடம்பில் சேரும் அம்மோனியா நஞ்சு ஆகாதபடி அதை யூரியாவாக மாற்றிச் சேர்த்து வைக்கும். தண்ணீர் வந்ததும் வெளியேற்றும். அந்த உறை காய்ந்த சளி என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். அதில் உயிருள்ள நோய் எதிர்ப்புச் செல்கள் இருப்பதும், அவை கிருமிகளைச் சிக்கவைத்து மீனைக் காப்பதும் 2021-இல் தெரியவந்தது.

இதன் ஆஸ்திரேலிய உறவினருக்கு இப்படிச் சேற்றில் தூங்கத் தெரியாது. ஆனால் ஆயுள் நீளம். 1933-இல் சிகாகோவின் ஷெட் மீன்காட்சியகத்துக்கு வந்த ஒரு ஆஸ்திரேலிய நுரையீரல் மீன் 2017 வரை அங்கே வாழ்ந்தது.

பிச்சாவரத்துச் சேற்றில் துள்ளுவது மீனா, தவளையா?

மீன். உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளில் தண்ணீர் வடிந்த நேரத்தில் பார்க்கலாம். இதுவரை சொன்ன மீன்கள் எல்லாம் வேறு வழியில்லாமல் வெளியே வருபவை. இது விரும்பி வருகிறது. இரை தேடுவது, சண்டை, இணை தேடித் துள்ளுவது எல்லாமே வெளியில்தான்.

செவுள் அறையில் கொஞ்சம் தண்ணீரை அடைத்துக்கொண்டு வரும், கூடவே ஈரத் தோலாலும் வாயின் உட்தோலாலும் மூச்சு விடும். முன் துடுப்புகள் கை மாதிரி ஊன்றி நடக்கப் பயன்படுகின்றன. கண்கள் தலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கண்ணைக் கீழே உள்ள ஈரக் குழிக்குள் இழுத்து நனைத்து மறுபடி வெளியே தள்ளும். அதாவது கண் சிமிட்டும். ஈரப்படுத்த, தூசியைத் துடைக்க, அடிபடாமல் காக்க என்று நாம் சிமிட்டும் அதே காரணங்களுக்காகவே இதுவும் சிமிட்டுகிறது என்று 2023-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. நாக்கு இல்லாத குறைக்கு, வாயில் வைத்திருக்கும் தண்ணீரையே இரையின் மேல் நீட்டி, அதோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும்.

என்னை மலைக்க வைப்பது இதன் முட்டை வளர்ப்பு. சேற்றில் தோண்டும் வளைக்குள் தண்ணீர் நிற்கும். அதில் ஆக்சிஜன் இருக்காது. ஜப்பானிய இனம் ஒன்றை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: வளையின் உள்ளே மேடான அறையின் கூரையில் முட்டைகள் ஒட்டியிருக்கும். ஆண் மீன் வெளியே வந்து வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு போய் அந்த அறையில் விடும், திரும்பத் திரும்ப. முட்டைகள் காற்றில் வளரும். பொரிக்கும் காலம் வந்ததும், இரவில் கடல் ஏறும் நேரம் பார்த்து அதே ஆண் காற்றை வாயால் எடுத்து வெளியே விட்டுவிடும். அறைக்குள் தண்ணீர் ஏறும், தண்ணீர் பட்டதும் முட்டைகள் பொரிக்கும்.

அப்படியானால் நிலத்து விலங்குகள் எல்லாம் இந்த மீனிலிருந்துதான் வந்தனவா?

இல்லை. துள்ளும் உளுவையும் விராலும் நம் நேர் மூதாதைகள் அல்ல. கால் உள்ள விலங்குகள் சதைப்பற்றான துடுப்புள்ள வேறொரு மீன் கிளையிலிருந்து வந்தவை. இன்று அந்தக் கிளையில் நமக்கு மிக நெருங்கிய மீன் நுரையீரல் மீன்தான். கனடாவின் வட துருவப் பகுதியில் 2004-இல் கிடைத்த டிக்டாலிக் என்ற புதைபடிவம் ஏறக்குறைய 37 கோடியே 50 லட்சம் ஆண்டு பழமையானது. மீனுக்குரிய செதிலும் துடுப்பும் அதற்கு உண்டு. துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும், அசையும் கழுத்தும் உண்டு. காற்றைச் சுவாசிப்பது மீன்களில் ஒரே ஒரு முறை தோன்றியதல்ல. வெவ்வேறு குடும்பங்களில் தனித்தனியாகப் பல முறை தோன்றியிருக்கிறது.

மரத்துக்குள் வாழும் மீன் இருக்கிறதாமே?

இருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவிலும் பெலீஸ் நாட்டிலும் அலையாத்திக் காடுகளில் வாழும் ஒரு சிறு கில்லி மீன். குட்டை வற்றினால் உளுத்த மரக்கட்டைகளில் பூச்சி குடைந்த துளைகளுக்குள் வரிசையாகப் புகுந்துகொள்ளும். வெளியில் 66 நாள் வரை உயிரோடு இருந்திருக்கிறது. தோல் வழியாக மூச்சு. அம்மோனியாவையும் வாயுவாகத் தோல் வழியே வெளியேற்றும். இன்னொரு வியப்பு, இதில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் ஒரே உடலில் அமைந்தவை, தன் முட்டையைத் தானே கருவுறச் செய்யும்.

மழையோடு மீன் விழுவது உண்மையா?

நடந்திருக்கிறது, ஆனால் அரிது. 2014 மே மாதம் இலங்கையின் சிலாபம் பக்கத்துக் கிராமத்தில் மீன் மழை பெய்ததாகச் செய்தி வந்தது. நீர்ப்பரப்பின் மேல் உருவாகும் சுழற்காற்று சிறு மீன்களைத் தூக்கிச் செல்லக்கூடும் என்பதே விளக்கம். ஆனால் மழைக்குப் பிறகு வயலிலோ தெருவிலோ பனையேறியையோ குரவையையோ பார்த்தால் வானத்தைப் பார்க்க வேண்டாம். பக்கத்துக் குட்டையிலிருந்து அது தானே நடந்து வந்திருக்கும்.

தேளி குத்திவிட்டால் என்ன செய்வது?

அதன் பக்கத் துடுப்பு முள்ளில் நஞ்சு உண்டு, வலி கடுமையாக இருக்கும். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில், அதாவது 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வையுங்கள். இந்த நஞ்சு சூட்டில் செயலிழக்கும். முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கலாம், சேற்றுக் காயம் சீழ் பிடிக்கலாம். டெட்டனஸ் ஊசியும் தேவைப்படலாம். அதனால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இதே மாதிரி மீன்தானே, அதை மட்டும் ஏன் தடை செய்திருக்கிறார்கள்?

அதே திறமைதான் அங்கே ஆபத்தாகிறது. மோசமான தண்ணீரிலும் வாழும், மழையில் வளர்ப்புக் குளத்தை விட்டு ஊர்ந்து தப்பும், எதையும் தின்னும், வேகமாகப் பெரிதாகும். ஆற்றுக்குள் போய்விட்டால் நாட்டு மீன்களையும் அவற்றின் குஞ்சுகளையும் தின்று தீர்க்கும், திரும்பப் பிடித்து ஒழிக்கவும் முடியாது. அமெரிக்காவும் இதைப் பட்டறிந்தது. தாய்லாந்திலிருந்து கொண்டுவந்த நடக்கும் கெளுத்தி 1960-களில் புளோரிடாவில் தப்பிப் பரவியது. 2002-இல் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் ஊரில் ஒரு குளத்தில் விரால் வகை மீன் பெருகியபோது, குளத்துக்கே மருந்து ஊற்றி அத்தனை மீன்களையும் கொன்றார்கள். வளர்க்க ஆசைப்பட்டால் நம் விராலே இருக்கிறது.

ஃபைட்டர் மீன் காற்றைச் சுவாசிக்கும் என்பதால் சின்னக் கண்ணாடிக் குவளையில் வைக்கலாமா?

வேண்டாம். அதுவும் பனையேறியின் தூரத்து உறவுதான், மேலே வந்து காற்று வாங்கும், அதனால் குவளையில் உடனே சாகாது. ஆனால் முன்பு சொன்ன அம்மோனியா அந்தக் கையளவு தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். மீன் மெல்ல மெல்ல நஞ்சில் வாழும். குறைந்தது 15, 20 லிட்டர் கொள்ளும் தொட்டி, மெதுவாக ஓடும் ஃபில்டர், மேலே மூடி, மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்றுக்கு இடம், வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுதல், இவ்வளவும் இருந்தால் நன்றாக வாழும். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி இறுக மூடிவிடாதீர்கள்.